கேட்டீர்கள், சொல்கிறோம்: வீட்டுக்குள் போட்ட வெள்ளைத் தொப்பி

சென்ற இதழில், வெள்ளைக்காரப் பெண்கள் ஒரு காலத்தில் வீட்டுக்குள்ளேயும் தொப்பி போட்டிருந்தார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டோம். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இந்த மாதப் பக்கத்தை முழுதாகப் பிடித்துக்கொண்டன.

கே: மகள் எட்டாம் வகுப்பு. 1820-ல் தென்னாப்பிரிக்காவின் அல்கோவா பேயில் வந்து இறங்கிய ஆங்கிலேயக் குடியேறிகளைப் பற்றிப் பள்ளியில் நாடகம். நான்கு பிள்ளைகளுக்குத் தொப்பி தைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. துணியை வட்டமாக வெட்டி, சுற்றிலும் எலாஸ்டிக் போட்டேன். "குளிக்கும்போது போடுற தொப்பி மாதிரி இருக்கு" என்று மகள் போட மறுக்கிறாள். எங்கே தவறு?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

மகள் சரியாகத்தான் சொல்கிறாள். வட்டத் துணியும் எலாஸ்டிக்கும் பிற்கால வேடக்கடைக்காரர்களின் குறுக்குவழி. பழைய தொப்பி மூன்று துண்டுகளால் ஆனது. பின்னந்தலையையும் கொண்டையையும் மூடும் ஒரு பை. காதிலிருந்து உச்சி வழியாக மறு காதுவரை போகும் ஒரு பட்டி. பட்டியின் முன் ஓரத்தில் முகத்தைச் சுற்றி ஒரு ஃபிரில். பிடரியில் ஃபிரில் கிடையாது. அங்கே பையின் அடி ஓரத்தில் நாடா கோத்துச் சுருக்கியிருப்பார்கள். உங்கள் தொப்பியில் சுற்றிலும் ஒரே அளவாகச் சுருக்கம் விழுகிறது, அதனால்தான் பூசணிக்காயைக் கவிழ்த்த மாதிரி நிற்கிறது. அசல் தொப்பியில் காதோரம் தட்டையாகப் படியும், உச்சியில் மட்டும் உப்பும்.

உழைக்கும் வீட்டுப் பெண்களின் சாதாரணத் தொப்பி 1770-களிலிருந்து 1820 வரை பெரிதாக மாறவில்லை. கீழே உள்ள அளவு நாடகத்துக்குத் தாராளமாகப் பொருந்தும்.

முதலில் துணி. பருத்தி வாயில் (voile என்கிற மெல்லிய துணி), மல், இல்லையென்றால் மெல்லிய லினன். டர்பனில் பழைய கிரே ஸ்ட்ரீட் பக்கம் சேலைக் கடையிலேயே வாயில் கிடைக்கும். வீட்டில் நைந்துபோன மல் வேட்டி இருந்தால் அதைவிட நல்ல துணி இல்லை. கடைக்காரர் "காட்டன்தான்" என்று சொன்னாலும் ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கடினமான மணியாக நின்றால் பாலியெஸ்டர் கலந்தது. அதில் சுருக்கம் படியாது, கஞ்சியும் பிடிக்காது.

110 சென்டிமீட்டர் அகலத் துணியில் ஒரு தொப்பிக்கு 60 சென்டிமீட்டர் நீளம் போதும். நனைத்தால் சுருங்கும், ஆகவே 70 வாங்கி, நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டுங்கள்.

காதுமடலுக்குக் கீழிருந்து உச்சி வழியாக மறுபக்கம்வரை டேப் வைத்து அளந்தால் அதுதான் பட்டியின் நீளம். 42 என்று வைத்துக்கொள்வோம். பட்டிக்கு 44-க்கு 12 வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்தால் தையல் போக 5 சென்டிமீட்டர் அகலம் நிற்கும். ஃபிரிலுக்கு 107 நீளம், 7 அகலம். இது துணியின் முழு அகலத்திலும் ஒரே துண்டாக வந்துவிடும். பைக்குக் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள்: அடி நேர்கோடு 45, இரு பக்கமும் நேராக மேலே 16, அதற்கு மேல் 22.5 ஆரத்தில் அரைவட்டம். குதிரை லாடம் மாதிரி இருக்கும். வளைந்த ஓரத்தில் தையலுக்கு 1 சென்டிமீட்டர், அடியில் நாடாப் புழைக்கு 2 சென்டிமீட்டர் கூட்டி வெட்டுங்கள்.

அடி ஓரத்தை மடிப்பதற்கு முன்பே, நடுவில் ஒரு சின்னப் பொத்தான் துளை போட்டுவிட வேண்டும். மடித்த பிறகு போட்டால் துளை இரண்டு மடிப்பையும் துளைத்துவிடும். நாடா உள்ளே போய்ச் சிக்கும். 30 சென்டிமீட்டரில் இரண்டு மெல்லிய நாடா. ஒன்றின் முனை புழையின் இடது கோடியில், மற்றதன் முனை வலது கோடியில் தைக்கப்பட்டு, இரண்டின் மறுமுனையும் நடுத்துளை வழியே வெளியே வரும். இழுத்து முடிந்தால் பிடரி சுருங்கும், அவிழ்த்தால் தொப்பி தட்டையாகிவிடும். துவைத்து இஸ்திரி போட வசதியாக இருக்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. எலாஸ்டிக்கில் அது நடக்காது.

அடுத்தது சுருக்கு. பையின் வளைந்த ஓரம் சுமார் 103 சென்டிமீட்டர் வரும். இரு கோடியிலும் முதல் 8 சென்டிமீட்டரைச் சுருக்காமல் பட்டியோடு நேருக்கு நேர் வைத்துத் தையுங்கள். மீதி 87 சென்டிமீட்டரும் பட்டியின் உச்சியில் உள்ள 26 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். மெஷினில் தையல் நீளத்தை 4 மில்லிமீட்டர் வைத்து, அரை சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசை ஓட்டி, இரண்டு நூலையும் சேர்த்து இழுங்கள். ஒரே வரிசை ஓட்டினால் சுருக்கம் ஓரிடத்தில் கொத்தாக விழும், பட்டியில் தைக்கும்போது ஊசிக்குக் கீழே புரளும். பாப்ளின் மாதிரிக் கனத் துணி மட்டும்தான் கிடைத்தது என்றால் பையின் அகலத்தை 36-ஆகவும் ஆரத்தை 18-ஆகவும் குறையுங்கள். 87 சென்டிமீட்டர் பாப்ளின் 26-க்குள் அடங்காது, நெற்றிக்கு மேல் கட்டையாக நிற்கும்.

ஃபிரிலின் மூன்று ஓரத்தையும் 3 மில்லிமீட்டருக்குச் சுருட்டித் தைத்து, நான்காம் ஓரத்தைச் சுருக்கிப் பட்டியின் முன்பக்கம் இணையுங்கள். கன்னத்தோரம் கட்டுவதற்கு இரண்டு நாடா, தலா 40 சென்டிமீட்டர்.

கடைசியாக, தொப்பி வழுக்கும். 18-ஆம் நூற்றாண்டுப் பெண்கள் பலர் தலையில் கொழுப்புப் பசையும் மாவுப் பொடியும் பூசியிருந்தார்கள், அதில் துணி பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தடவி வழவழவென்று வாரிய தலையில் எதுவும் நிற்காது. உச்சிக்குக் குறுக்கே மெல்லியதாக ஒரு பின்னல் போட்டு, அதில் கொண்டை ஊசியால் பட்டியைக் குத்துங்கள். ஹாலந்துப் பெண்கள் இதற்கென்றே தலையைச் சுற்றி ஒரு மெல்லிய உலோகப் பட்டை போட்டார்கள். "காது இரும்பு" என்று அதற்குப் பெயர். ஃப்ரீஸ்லாந்தில் அது போகப்போகத் தங்கத்தில் தலையையே மூடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. உங்களுக்குப் பின்னல் போதும். புருவம்வரை இழுத்துவிடாமல், முன்முடி இரண்டு விரல்கடை தெரியும்படி பின்தள்ளி வைத்துவிடுங்கள்.

கே: ஃபிரில் எல்லாம் தொங்கிப்போகிறது. ஸ்ப்ரே கஞ்சி அடித்தால் வெள்ளைப் பொடி உதிர்கிறது. பழைய படங்களில் குழல் குழலாக நிற்கிறதே, எப்படி?
– நாடகக் குழுவுக்கு உடை தைப்பவர், ஃபீனிக்ஸ்

ஸ்ப்ரே துணியின் மேல் படிகிறது, உள்ளே இறங்குவதில்லை. காய்ந்த துணியில் அடித்து உடனே இஸ்திரி போட்டால் பொடியாகத்தான் உதிரும். பழைய முறையில் கஞ்சி காய்ச்சுங்கள்.

ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவை 50 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற 500 மில்லி தண்ணீரில் கிண்டிக்கொண்டே ஊற்றுங்கள். பால் நிறம் போய்க் கண்ணாடி மாதிரி தெளியும்வரை மூன்று நான்கு நிமிடம் வேக வேண்டும். வேகாத கஞ்சிதான் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிப் பழுப்பாகத் தீய்கிறது. துணியில் வடிகட்டி, அலசிப் பிழிந்த ஈரத் தொப்பியை அதில் முக்கிக் கசக்குங்கள். பையும் பட்டியும் இந்த அளவில் போதும். ஃபிரில் மட்டும் விறைப்பாக நிற்க வேண்டுமானால் இரண்டு கரண்டி மாவில் காய்ச்சி, ஃபிரிலை மட்டும் தோய்த்தெடுங்கள். அரிசி மாவுக்குப் பதில் மேசினா என்கிற சோளமாவும் ஆகும். விறைப்பு கொஞ்சம் குறையும். வெண்மைக்குக் கடைசி அலசலில் நீலம் போடுவதுண்டு. ஒரு பக்கெட்டுக்குச் சிட்டிகை போதும், கூடினால் தொப்பியே நீலமாகிவிடும்.

அரைகுறை ஈரத்தில் இஸ்திரி போடுங்கள். முழுதாகக் காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்து, சுருட்டி, அரைமணி நேரம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

குழல்களுக்கு ஒரு தனிக் கருவி இருந்தது. தாங்கி மேல் கிடைமட்டமாக நிற்கும் விரல் பருமன் இரும்புக் குழாய். அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை அதற்குள் செருகுவார்கள். நெருப்பு பட்டது உள்ளே போகும் கம்பி மட்டும், துணி தொடுவது வெளிக்குழாய், ஆகவே கரி ஒட்டாது. ஈர ஃபிரிலை அதன்மேல் வளைத்து இரண்டு விரலால் அழுத்தி இழுத்தால் ஒரு குழல், அப்படி ஒவ்வொன்றாக. இன்று முடி சுருட்டும் டாங் அதே வேலையைச் செய்யும், 10 முதல் 15 மில்லிமீட்டர் பருமன் உள்ளதாகப் பாருங்கள். டாங் இல்லையா? ஈரக் கஞ்சியோடு ஃபிரிலைக் குளிர்பானக் குழாய்களின் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி வளைத்து, காய்ந்ததும் உருவிவிடுங்கள்.

இங்கிலாந்தில் வெகுகாலம் கோதுமைக் கஞ்சிதான். அரிசியிலிருந்து சலவைக் கஞ்சி எடுக்கும் முறைக்கு ஆர்லாண்டோ ஜோன்ஸ் என்பவர் 1840-ல் காப்புரிமை வாங்கினார். வேட்டிக்குச் சோற்றுக் கஞ்சி போட்ட நம் பாட்டிமார் யாரும் காப்புரிமை கேட்டதாகத் தெரியவில்லை.

கே: கல்யாணமான பெண்கள் மட்டும்தான் வீட்டுத் தொப்பி போட்டார்கள் என்கிறார் என் தோழி. வேலைக்காரிகள் மட்டும்தான் என்கிறார் அவர் தங்கை. யார் சொல்வது சரி?
– லெனேசியா வாசகி

எந்தக் காலம் என்பதைப் பொறுத்து இருவரும் சரி, இருவரும் தவறு.

18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் எஜமானியும் போட்டாள், வேலைக்காரியும் போட்டாள், தொட்டில் குழந்தைக்கும் போட்டார்கள். வித்தியாசம் துணியின் நயத்திலும் லேஸிலும்தான். ஜெபிக்கும்போது பெண் தலையை மூட வேண்டும் என்று விவிலியத்தில் பவுல் கொரிந்தியருக்கு எழுதியது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தலைக்குளியல். அடிக்கடி தலை அலசும் வழக்கம் இல்லாத, விறகு அடுப்புப் புகையும் கரியும் நிறைந்த வீட்டில், முடியைத் துவைப்பதைவிடத் தொப்பியைத் துவைப்பது சுலபம். வெளியே போகும்போது இதன் மேலேயே வெயில் தொப்பியையோ வைக்கோல் தொப்பியையோ வைத்துக்கொண்டார்கள்.

19-ஆம் நூற்றாண்டு தொடங்கியதும் இளம்பெண்கள் வீட்டில் வெறுந்தலையோடு இருக்கத் தொடங்கினார்கள், தொப்பி கல்யாணமானவளின் அடையாளமாயிற்று. 1860-களுக்குப் பிறகு அது மூத்த பெண்களோடு நின்றுபோய், நூற்றாண்டு முடிவதற்குள் கிழவிகளிடமும் வீட்டுப் பணிப்பெண்களிடமும் மட்டுமே மிஞ்சியது. தங்கை மனதில் இருப்பது அந்தக் கடைசிக் காட்சி.

விதவைத் தொப்பி என்று தனியாக ஒன்று உண்டு. விக்டோரியா ராணியின் கணவர் 1861 டிசம்பர் 14-ல் இறந்தார். 1901-ல் தாம் இறக்கும்வரை ராணி கறுப்பு உடையோடு அந்த வெள்ளைத் தொப்பியை விடவில்லை. நம்மில் விதவையின் தலையிலிருந்து பூவை எடுத்தார்கள், அங்கே தொப்பியை ஏற்றினார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அவள் யாரென்று தெரிந்துவிட வேண்டும், இரண்டுக்கும் நோக்கம் அதுதான்.

கே: ஆஃப்ரிகான்ஸ்காரர்கள் "கப்பி" என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

இல்லை. (தமிழில் எழுதுவதே வம்பு: காப்பி என்றால் குடிப்பது, கப்பி என்றால் கிணற்றில் உருள்வது.) கப்பி வெயிலுக்கானது. முகத்தைத் தாண்டி முன்னே நீளும் ஆழமான விளிம்பு, பிடரியையும் தோளையும் மறைக்கும் தொங்கு துணி, கட்டுவதற்கு நாடா. வேலைப்பாடு முழுவதும் விளிம்பில்தான். இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவில் நெருக்கமாக இணை கோடுகள் தைத்து, ஒவ்வொரு கோட்டு இடைவெளியிலும் பருத்திக் கயிறு செருகி விறைப்பாக்கியிருப்பார்கள். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் கோலம் தெரியும். 1830-களில் மாட்டுவண்டிகளில் உள்நாட்டுக்குப் பெரும் பயணம் போன டச்சு வழிக் குடியேறிகளான வூர்ட்ரெக்கர்களுக்குப் பிரிட்டோரியாவில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் ஆண்டன் ஃபான் வோவ் வார்த்த தாயும் பிள்ளைகளும் சிலையைப் பாருங்கள், தாயின் தலையில் இருப்பது கப்பி. 1938-ல் பெரும் பயணத்தின் நூற்றாண்டைக் கொண்டாடியபோது பெண்கள் அதை மறுபடி தைத்துப் போட்டுக்கொண்டார்கள். இன்று பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பல கப்பிகள் அந்த ஆண்டில் தைத்தவையாகவும் இருக்கலாம், ஆகவே "வூர்ட்ரெக்கர் காலத்தது" என்று சொல்லி விலை ஏற்றினால் மெஷின் தையலா என்று முதலில் பாருங்கள். 1838-ல் வீட்டுத் தையல் மெஷின் கிடையாது.

கே: கரீபியன் தீவுப் பெண்கள் கட்டும் கட்டம்போட்ட தலைத்துணிக்கு "மெட்ராஸ்" என்று பெயராமே. நம் மதராஸா?
– வெருலம் வாசகி

நம் மதராஸேதான். இன்னும் சரியாகச் சொன்னால் சோழமண்டலக் கரை முழுவதும். ஏறக்குறைய ஒரு கஜச் சதுரமாகக் கைக்குட்டைகளை ஒரே நீளத்தில் வரிசையாக நெய்து, வெட்டாமல் கப்பலேற்றுவார்கள்; வாங்குபவர் துண்டு துண்டாக வெட்டி விற்பார். டச்சுக் கம்பெனியின் கெல்டிரியா கோட்டை 1613-லிருந்து பழவேற்காட்டில் இருந்தது. அந்த ஊர்ப் பெயரே துணிக்கும் ஒட்டிக்கொண்டது: ஆங்கிலேயர் கட்டம்போட்ட கைக்குட்டையை "புலிகாட்" என்றார்கள், மலாய்க்காரர்கள் கட்டம்போட்ட கைலியை இன்றும் "பெலெக்காட்" என்கிறார்கள்.

தலையோடு இது சேர்ந்த கதை அவ்வளவு இனிமையானதல்ல. ஸ்பானிய ஆட்சியில் இருந்த லூசியானாவில், 1786-ல் ஆளுநர் எஸ்டெபான் மிரோ, அடிமைத்தளையில் இல்லாத கறுப்பின, கலப்பினப் பெண்களும் தலையில் துணி கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். அவர்களுடைய அலங்காரம் வெள்ளைக்காரப் பெண்களை மிஞ்சியதுதான் அவருக்கு உறுத்தல். பெண்கள் கட்டினார்கள்: பளிச்சென்ற துணியில், உயரமாக, முடிச்சும் மடிப்புமாக, முன்னைவிட அழகாக.

பழைய இயற்கைச் சாயத் துண்டு கிடைத்தால் சாயம் இறங்கும் என்று எதிர்பாருங்கள். வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள்.

கே: கொள்ளுப்பாட்டியின் பழைய படம் இருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். தலையில் துணி. அது முக்காடா, இங்கே பழகிய டூக் என்னும் தலைத்துணியா?
– டோங்காட் வாசகர்

படத்தைப் பெரிதாக்கி மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, காதோரம். துணி காதுக்குப் பின்னாலிருந்து அறுபடாமல் தோளுக்கு இறங்கினால் அது சேலைத் தலைப்பு, அதாவது முக்காடு. இரண்டு, பிடரி. அங்கே துணியின் ஓரம் தனியாகத் தெரிந்தாலோ முடிச்சின் வால் எட்டிப்பார்த்தாலோ தனித் துணி. "டூக்" என்பதும் டச்சு மொழியில் வெறும் "துணி"தான். மூன்று, கரை. தலையில் உள்ள கரையும் இடுப்பில் உள்ள கரையும் ஒரே அகலமாக இருந்தால் ஒரே சேலை என்று பெரும்பாலும் நம்பலாம்.

உச்சியில் வட்டமாகத் தடித்துத் தெரிந்தால் அவசரப்பட்டு அலங்காரம் என்று எழுதிவிடாதீர்கள். சும்மாடாக இருக்கலாம். சுமை இறக்கிய கையோடு படத்துக்கு நின்றிருப்பார்.

கே: இரவுத் தொப்பி வேறா?
– சாட்ஸ்வொர்த்

வேறு. லேஸும் கஞ்சியும் இல்லாத, தாடைக்குக் கீழே கட்டிக்கொள்ளும் எளிய துணி. கணப்பு அணைந்த அறையில் தலைக்குக் குளிர் படாமல் இருக்க.

கே: ஏலத்தில் ஒரு பழைய லேஸ் தொப்பி வாங்கினேன். மஞ்சள் படிந்திருக்கிறது. ப்ளீச்சில் போடலாமா?
– டர்பன் நார்த் வாசகி

கூடவே கூடாது. குளோரின் ப்ளீச் மஞ்சளை எடுக்கும்போதே நாரையும் தின்றுவிடும். அடுத்த மாதம் தொட்டாலே பொடியும். முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எங்கெல்லாம் இழை விட்டிருக்கிறது என்று பாருங்கள். வண்ண நூல் வேலைப்பாடு இருந்தால் ஈரப் பஞ்சை ஒற்றிச் சாயம் இறங்குகிறதா என்று சோதியுங்கள். பட்டுத்துணி என்றால் இதோடு நிறுத்தி அருங்காட்சியகத்தில் துணி பராமரிப்பவரிடம் காட்டுங்கள்.

வெறும் பருத்தியோ லினனோ என்றால், ஜன்னல் கொசுவலையின் ஒரு துண்டில் தொப்பியைக் கிடத்தி, வலையோடு தட்டில் இறக்குங்கள். வாலை நீர் (டிஸ்டில்ட் வாட்டர்), வெதுவெதுப்பாக, ஒரு மணி நேரம். நீர் தேநீர் நிறமாகும், பயப்பட வேண்டாம், மாற்றுங்கள். மூன்று நான்கு முறை மாற்றினாலே பாதி மஞ்சள் போய்விடும். அதற்குப் பிறகு வேண்டுமானால் வாசனை, வெண்மையூட்டி எதுவும் சேராத மிதமான சோப்பு சில துளி. நுரை முழுவதும் போகும்வரை அலசல். தூக்கும்போது வலையைத்தான் தூக்க வேண்டும். ஈர லேஸ் தன் கனத்தையே தாங்காது. பிழியாமல் துண்டில் ஒற்றி, நிழலில் பரப்பிக் காயவிடுங்கள். குண்டூசித் துரு விட்ட பழுப்புப் புள்ளி இருந்தால் அப்படியே விடுங்கள். எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தால் புள்ளி இருந்த இடத்தில் ஓட்டை இருக்கும்.

கஞ்சி போட்டு வைக்காதீர்கள், வெள்ளிமீன் பூச்சிக்கு அது விருந்து. அமிலமில்லாத மெல்லிய தாளைக் கசக்கிப் பைக்குள் உப்பலாக வைத்து, மடிப்பு விழாமல் அட்டைப் பெட்டியில் வையுங்கள். டர்பன் கோடையில் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பாச்சை உருண்டை போடுவதானால் தனித்துணியில் முடிந்து பெட்டியின் மூலையில், தொப்பியைத் தொடாமல். வருஷத்துக்கு இரண்டு முறை, காற்று உலர்ந்திருக்கும் ஜூன் ஜூலையில் ஒன்றும் கோடை தொடங்குமுன் ஒன்றுமாக, திறந்து பார்த்துத் தாளை மாற்றுங்கள்.